காற்றை முன்வைத்துப் போட்ட திட்டம்: ஒப்பியாங்கோ ஏரியில் ஐந்து நாள் கனூ, கயாக் பயணம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அல்கோன்குவின் பூங்காவிலுள்ள ஒப்பியாங்கோ ஏரியில், சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் நாங்கள் நால்வர் ஒரு கனூவிலும் (மேலே திறந்த துடுப்புப் படகு) இரண்டு கயாக்குகளிலும் (மேலே மூடிய ஒடுங்கிய துடுப்புப் படகு) ஐந்து நாள்கள் பயணம் செய்தோம். நானும் மனைவியும் கனூவில் இருந்தோம். மனைவியின் தம்பியும் என் தங்கையின் மகனும் ஆளுக்கொரு கயாக்கில் வந்தார்கள். பயணத்துக்கு ஐந்து நாள்கள் என்றால் ஆயத்தத்துக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் குறிப்பேட்டில் எழுதிவைத்தவற்றை, இதே போன்ற பயணத்தை முதன்முறையாகத் திட்டமிடுபவர்களை மனத்தில் கொண்டு, இங்கே விரித்து எழுதுகிறேன்.

அல்கோன்குவின் 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பூங்கா. 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலான பயண வழிகளில் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் பொதிகளையும் தோளில் சுமந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். கனூவைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொள்ள அதன் நடுவே நுகம் போன்ற ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. கயாக்கில் அது இல்லை. கயாக்கின் உள்ளறைகளில் திணித்த சிறு பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெறும் படகைத் தனியே தூக்கி, மறுகரையில் மீண்டும் அடுக்குவது அரைநாளை விழுங்கிவிடும். ஆகவே சுமந்து நடக்கத் தேவையில்லாத, ஆனால் பல நாள்களுக்குப் போதுமான ஒரே ஏரி எங்களுக்குத் தேவைப்பட்டது. பூங்காவிலேயே பெரிய ஏரியான ஒப்பியாங்கோ, தெற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. 60ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சாலை நேரே படகுத்துறைக்குக் கொண்டுசெல்கிறது. ஏரியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் பெரிய ஏரி என்பது காற்று தடையின்றி ஓடுவதற்கான வெளி என்பதை முதல் திட்டத்தில் நான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

அந்த முதல் திட்டம் மார்ச் மாதத்தில் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, நூலால் அளந்து போட்டது. மூன்று கைகளையும் சுற்றிவர ஏறத்தாழ 48 கிலோமீட்டர். நாளொன்றுக்குப் பத்துக்கும் குறைவு. சுமையேற்றிய கனூ அமைதியான நீரில் மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீட்டர் போகும். ஆகவே நாளுக்கு இரண்டரை மணி நேரம் துடுப்புப் போட்டால் போதும் என்று கணக்கிட்டேன். கணக்கில் பிழை இல்லை, கணக்கில் சேர்த்தவைதான் குறைவு. மே மாதத்தில் டொராண்டோ நகருக்கு அருகே பிக்கரிங்கிலுள்ள ஃபிரெஞ்ச்மன்ஸ் பே என்ற குடாவில் ஒரு பிற்பகல் பயிற்சிக்குப் போனபோது, எதிர்காற்றில் எங்கள் கனூ மணிக்கு இரண்டு கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. கயாக்குகள் நீரோடு தாழ்ந்திருப்பதால் அதே காற்றில் மூன்றரை வரை போயின. உயர்ந்த பக்கங்களையுடைய கனூ காற்றுக்குப் பாய்போல விரிந்து நிற்கிறது. அணியம், அதாவது படகின் முன்முனை, சற்று விலகினால் போதும், காற்று அதைப் பிடித்து முழுப்படகையும் திருப்பிவிடுகிறது. இருவகைப் படகுகளும் சேர்ந்து போகும்போது வேகத்தையும் எல்லையையும் தீர்மானிப்பது கனூதான் என்பதை அன்றுதான் கண்கூடாகக் கண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் திட்டத்தைக் கிழித்துவிட்டு, தூரத்துக்குப் பதிலாகக் காற்றை முன்வைத்து மீண்டும் எழுதினேன். கோடைகாலத்தில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று வீசுகிறது. விடியற்காலையில் அடங்கியிருந்து, நிலம் சூடேறும் முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சமடைந்து, மாலையில் தணிவது வழக்கம். மேல்காற்றை யாழ்ப்பாணத்துக் கரையோரங்களில் கச்சான் என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வாடை என்பார்கள். என் தந்தையார் கடல் பார்த்து வளர்ந்தவர்; காற்றின் பெயரைச் சொன்னாலே அன்று எந்தக் கரையில் ஒதுங்க வேண்டும் என்பது வீட்டிலிருந்த எல்லோருக்கும் விளங்கிவிடும். அந்தப் பழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வரிகள் ஒதுக்கினோம்: கச்சான் அடித்தால் எந்தக் கரையோரம், வாடை அடித்தால் எந்தக் கரையோரம், இரண்டிலும் ஒதுங்கக்கூடிய முனை எது. கச்சானுக்கு ஏரியின் மேற்குக் கரை மரங்களின் மறைவில் அமைதியாக இருக்கும். அந்தக் கரையைப் பிடித்துப் போனால் தூரம் கூடும். ஆனால் நடு ஏரியில் அலை புரளும்போது மரநிழலில் நீர் சிற்றலையோடு நிற்கும்.

விதிகளையும் எழுதிவைத்தோம். வானிலை முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் திறந்த நீரைக் கடப்பதில்லை. அந்த வேகத்தில்தான் ஏரி முழுவதும் வெண்ணுரை தலைகாட்டத் தொடங்குகிறது. கடக்க வேண்டிய நாள்களில் காலை ஆறரைக்குள் நீரில் இருக்க வேண்டும். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் புறப்படுவதில்லை. அதற்குக் காரணம் கேட்பதும் இல்லை. இவற்றோடு ஒரு முழு நாளைக் காற்றுக்கென்றே வெறுமையாக விட்டோம். கிழக்குக் கையைத் திட்டத்திலிருந்து நீக்கியதால்தான் அந்த நாள் கிடைத்தது. முடிவில் நின்ற திட்டம் இது: முதல் இரவு தெற்குக் கை, அடுத்த இரண்டு இரவுகள் வடக்குக் கை, நான்காம் இரவு மீண்டும் தெற்குக் கை, ஐந்தாம் நாள் காலை கரை. மொத்தத் தூரம் 30 கிலோமீட்டருக்குள் அடங்கியது.

அனுமதிச்சீட்டை ஐந்து மாதங்களுக்கு முன்னதாக முன்பதிவு செய்யலாம். மார்ச் இறுதியில் முதல் திட்டத்தின்படி பதிந்ததை மே மாதத்தில் மாற்றினோம். நல்வேளையாக இடம் இருந்தது. எந்த இரவு ஏரியின் எந்தக் கையில் என்று மட்டுமே பதிகிறோம். தங்குமிடத்தை அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும். கரையில் செம்மஞ்சள் நிறப் பலகை அறைந்த இடம் தங்குமிடம். ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க அனுமதி இல்லை. மே, ஜூன் மாதங்களின் கருப்பு ஈக்களும் அவற்றைத் தொடரும் நுளம்புகளும் ஓய்ந்து, நீர் இன்னும் குளிர்ந்துவிடாத காலம் என்பதாலேயே ஆகஸ்ட் இறுதியைத் தேர்ந்தோம்.

கயாக்குகளில் ஒன்று, மருமகன் பழையதாக வாங்கிய 14 அடி பாலிஎத்திலீன் படகு. அதன் பின்னறை நீர் புகாதது என்று நம்பித்தான் அவனுடைய உறக்கப்பையை அங்கே வைப்பதாக இருந்தோம். ஃபிரெஞ்ச்மன்ஸ் பேயில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகியபோது பின்னறையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் சேர்ந்தது. எங்கிருந்து வருகிறது என்று அறிய, படகை முற்றத்தில் மரக்கட்டைகள் மீது வைத்து, பின்னறைக்குள் ஒரு வாளி நீரை ஊற்றி, அணியம் தாழும்படி சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு துளியும் கசியவில்லை. இருக்கைக்குப் பின்னாலுள்ள நுரைத் தடுப்புச் சுவரின் அடிமூலையில், பழைய பசை உரிந்த இடத்திலிருந்து நீர் கோடாக இறங்கியது. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் எளிதில் பிடிப்பதில்லை. வெயிலில் படகு விரிந்து, குளிரில் சுருங்கும்போது இறுகிப்போன பசை பிளந்துவிடுகிறது. பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் நீக்கி, மதுசாரத்தால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நெகிழ்வுத்தன்மை குறையாத லெக்செல் என்ற அடைபசையைச் சுவரின் இரு பக்கங்களிலும் விரலால் குழிவாக இழுத்துப் பூசினோம். ஒரு கிழமை தொடாமல் விட்டு மறுபடியும் நீர் ஊற்றிப் பார்த்தோம். துளிகூட வரவில்லை. ஆயினும் உறக்கப்பையை நீர்காப்புப் பையில் இட்ட பிறகே அறையில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

அதே குடாவில் மீட்புப் பயிற்சியும் நடந்தது. கவிழ்ந்த கயாக்கை மற்றொரு கயாக்கின் குறுக்கே ஏற்றி நீரை வடித்து, ஆளை ஏற்றுவது நான்காவது முயற்சியில் கைவந்தது. நீர் நிறைந்த கனூவை மீட்பது அதைவிடக் கடினம். இரண்டு கயாக்குகளையும் பக்கம்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, கவிழ்ந்த கனூவின் ஒரு முனையை அவற்றின் மேல் இழுத்தேற்றி, சிறிது சிறிதாக முழுவதையும் குறுக்கே கொண்டுவந்து, பிறகு நிமிர்த்தி இறக்க வேண்டியிருந்தது. வெறும் கனூவுக்கே பதினோரு நிமிடங்கள் ஆயின. சுமையோடு, அலையில், குளிர்ந்த நீரில் இதைச் செய்ய எங்களால் இயலாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டோம்; 20 கிலோமீட்டர் விதியில் எவரும் பிறகு விலக்குக் கேட்காததற்கு அந்தப் பதினோரு நிமிடங்களே காரணம். சட்டப்படி வேண்டிய உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதவைக் கயிறு, விசில், நீர் இறைக்கும் கலன் ஆகியவற்றை எல்லாப் படகுகளுக்கும் தனித்தனியே எடுத்தோம். கைத்தொலைபேசியை நம்ப முடியாத இடமாகையால், செய்மதி வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்குப் பெற்றோம். நாள்வாரித் திட்டத்தின் பிரதி ஸ்காபரோவில் தங்கையிடம் இருந்தது.

உணவு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பூங்காவின் உட்பகுதியில் உணவுத் தகரங்களும் கண்ணாடிப் போத்தல்களும் தடைசெய்யப்பட்டவை. தகரத்தில் அடைத்த மீன், போத்தல் ஊறுகாய் என்று நம் வீடுகளில் பயணத்துக்குக் கை தாமாக எடுப்பவை எல்லாம் அத்தோடு நின்றுவிடுகின்றன. கருவாட்டை நாங்களே விலக்கினோம், ஏனென்றால் அது கருங்கரடிகள் வாழும் காடு. 1991 அக்டோபரில் இதே ஏரியின் பேட்ஸ் தீவில் தங்கியிருந்த இருவரைக் கரடி ஒன்று கொன்றது. அத்தகைய தாக்குதல் மிக மிக அரிது. ஆனாலும் உணவின் மணத்தைக் குறைப்பதும், உணவைக் கூடாரத்திலிருந்து விலக்கி உயரத்தில் வைப்பதும் அங்கே போகிறவரின் கடமை.

ஆகவே சமைத்து உலர்த்துவதென்று தீர்மானித்தோம். பருப்பு, சோறு, மரக்கறிக் கறி, கடலைக் கறி ஆகியவற்றை வீட்டில் சமைத்து, உலர்த்தியின் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, 57 பாகை செல்சியஸில் எட்டு முதல் பத்து மணி நேரம் வைத்தோம். ஒரு கிலோ பருப்புக் கறி 280 கிராமாகச் சுருங்கியது. முதல் தொகுதியைத் தேங்காய்ப்பால் விட்டே சமைத்திருந்தோம். கொழுப்பு உலர்வதில்லை என்பதை இரண்டு கிழமைகளில் எழுந்த சிக்கு நாற்றத்தால் அறிந்து, அதைக் கொட்டிவிட்டோம். அடுத்த தொகுதியில் பாலையும் எண்ணெயையும் தவிர்த்து, தேங்காய்ப்பால் மாவைத் தனிப் பொதியாக எடுத்துச் சென்று, அங்கே கறி கொதித்து இறக்கும்போது சேர்த்தோம். காலைக்கு வறுத்த அரிசிமாவும் இடிசம்பலும். தேங்காய்ப்பூவைச் செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்த அந்தச் சம்பல் குளிர்பதனமே இல்லாமல் ஐந்து நாள்களும் கெடாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்த முன்னோர்களை நான் மிகுந்த நன்றியோடு நினைத்துக்கொண்டேன். பால்மா, தேயிலை, சீனி உட்பட நால்வருக்கும் மொத்தம் 13 கிலோ. கொள்கலனோடும் அடுப்பெரிவாயுவோடும் 19 கிலோ.

இந்த 19 கிலோவை நிலத்திலிருந்து நான்கு மீட்டருக்கு மேலும், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் விலகியும் தொங்கவிட வேண்டும். வீட்டு முற்றத்து மேப்பிள் மரத்தில் பழகிப் பார்த்தோம். கிளையின் மேலாகக் கயிற்றை எறிந்து மறுமுனையை இழுத்தபோது, இருவர் பலமும் போதவில்லை. கயிறு மரப்பட்டையில் உரசும் தடை சுமையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது, பட்டையும் காயப்பட்டது. இரண்டாம் முறை இரண்டு சிறு கப்பிகளைக் கொண்டு மாற்றியமைத்தோம். முதல் கயிற்றின் நுனியில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியே இரண்டாம் கயிற்றைக் கோத்து, வெறுமையாகவே கிளைக்கு அருகே ஏற்றி முதல் கயிற்றை அடிமரத்தில் கட்டிவிட வேண்டும். இரண்டாம் கயிற்றின் ஒரு முனை மேல் கப்பியின் கொளுவியில் நிலையாக முடியப்பட்டு, கீழே இறங்கி, உணவுக் கலனிலுள்ள இரண்டாம் கப்பியைச் சுற்றி, மீண்டும் மேலேறி, மேல் கப்பி வழியே கைக்கு வருகிறது. இப்போது பட்டையில் எந்தக் கயிறும் ஓடுவதில்லை. இழுக்க வேண்டிய விசையும் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதற்கு விலையாக, கலன் ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆகவே 6 மில்லிமீட்டர்க் கயிறு இருபது இருபது மீட்டராக இரண்டு வேண்டும். மனைவி தனியாகவே கலனை ஏற்றிக் கட்டிய அன்று இந்தப் பகுதிக்கு முற்றுப்புள்ளி வைத்தோம்.

சுமையைப் பங்கிடுவதில் கயாக்கின் மூடித்துளையே அளவுகோல். உணவை அடைத்த 60 லிட்டர் நீலக் கலன் அதற்குள் நுழையாது. பத்து லிட்டருக்கு மேற்பட்ட பைகளும் நுழைவது கடினம். உறக்கப்பைகள், உடைகள், கூடாரத் துணி போன்றவற்றைச் சிறு பைகளாக்கிக் கயாக்குகளிலும், கலன், சமையல் பெட்டி, கூடாரக் கம்பிகள், நீர் வடிகட்டி ஆகியவற்றைக் கனூவிலும் வைத்தோம். கனூவில் கலன் நகரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பயிற்சியில் கற்றது. எதிர்காற்றில் அதை அரை அடி முன்னே தள்ளினால் அணியம் தாழ்ந்து காற்றை வெட்டி நிற்கிறது. பின்காற்றில் பின்னே தள்ளினால் படகு நேராக ஓடுகிறது.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டோம். துறையில் சுமையேற்றி முடிக்கவே பதினொரு மணியாகிவிட்டது. ஐந்து மாதத் திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருந்தேன். துறை அமைந்துள்ள ஸ்ப்ரௌல் குடாவுக்குள் நீர் அமைதியாக இருந்தது. குடா தெற்குக் கையோடு சேரும் வாயில் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே வெண்ணுரை. கச்சான் வரியைப் பார்த்து, முனைக்குப் பின்னால் ஒதுங்கி, மூன்று மணி நேரம் தேநீரோடு காத்திருந்து, பிறகு மேற்குக் கரையை ஒட்டியே ஊர்ந்து மாலை ஐந்து மணிக்குத் தங்குமிடம் சேர்ந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நீரில் இருந்தோம். ஏரி எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. லூன் பறவைகளின் நீண்ட கூவல் ஒரு கரையில் எழுந்து மறுகரையில் முடிந்தது. எட்டு மணிக்கு, தெற்குக் கையிலிருந்து வடக்கே போகும் ஒடுங்கிய இடுக்கு நீரைக் கடந்து, பத்துக்குள் வடக்குக் கையில் கூடாரம் அடித்துவிட்டோம். அன்று மாலை கயாக்குகள் இரண்டும் ஹெயில்ஸ்டோர்ம் ஓடையின் சதுப்பு வாயிலுக்குப் போய், நீருக்குள் தலையமிழ்த்தித் தின்றுகொண்டிருந்த மூஸ் என்ற பெரிய மானைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு வந்தன.

மூன்றாம் நாள் வாடையும் கச்சானும் கலந்து வடமேற்கிலிருந்து நாள் முழுதும் அடித்தது. அது காற்றுக்கென்று விட்ட நாள். விறகு பொறுக்கினோம், உறங்கினோம். நான்காம் நாள் விடிந்தபோதும் காற்று அடங்கவில்லை. அதற்குத் திட்டத்தில் வரி இல்லை. முற்பகலில் மருமகன், “மாமா, பின்காற்றுத்தானே, தள்ளிக்கொண்டு போகும்” என்றான். பின்காற்று தள்ளும் என்பது உண்மை. இடுக்கு நீரைத் தாண்டியதும் விரியும் தெற்குக் கையில் அலை வளர்ந்து கனூவைப் பக்கவாட்டில் திருப்பும் என்பதும் உண்மை. மனைவி வேண்டாம் என்றாள். விதிப்படி எவரும் காரணம் கேட்கவில்லை. மாலை ஐந்தரைக்கு மரநுனிகள் அசைவு குறைந்தன. ஆறு மணிக்கு வெண்ணுரை முற்றாக மறைந்தது. சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இடுக்கு நீர் வரை கரையை ஒட்டிப் போவது, அங்கே அலை இருந்தால் அக்கரையிலேயே ஒதுங்கித் தங்குவது என்று பேசிக்கொண்டு, நெற்றி விளக்குகளை அணிந்தே புறப்பட்டோம். கலனைப் பின்னே தள்ளியிருந்ததால் கனூ எஞ்சியிருந்த நெளியலையில் நேராகவே ஓடியது. தெற்குக் கையில் முதல் இரண்டு தங்குமிடங்களிலும் புகை தெரிந்தது. கயாக்குகள் விரைந்து முன்னே போய் மூன்றாவது பலகையடியில் இடமிருப்பதைக் கண்டு விசில் ஊதின. கரையேறியபோது மேற்கு வானில் ஒரு கீற்று மட்டுமே சிவந்திருந்தது. கலனைத் தொங்கவிடுவது நெற்றி விளக்கு ஒளியில் நடந்தது. முற்றத்தில் பலமுறை கட்டிய கைகள் என்பதால் கயிறு சிக்கவில்லை.

ஐந்தாம் நாள் எட்டு மணிக்குத் துறையில் இருந்தோம். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் இரண்டு திருத்தங்கள் எழுதினேன்: சுமையேற்ற இரண்டு மணி நேரம், காற்றுக்கு ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள்கள். பிறகு மருமகனின் கயாக்கை முற்றத்தில் கவிழ்த்து, பின்னறை மூடியைத் திறந்து, தடுப்புச் சுவரின் மூலையில் விரலை வைத்துப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.